மரியாள் மார்த்தாள் இல்லம்

ஊழியம் என்னும் சொல்லுக்கு நம் மொழியில் விந்தையானதொரு வரலாறு உண்டு. பழைய திருவிதாங்கூரில் அச்சொல், கூலியின்றிச் செய்தாகவேண்டிய கட்டாய வேலையைக் குறித்தது. அலுவலகத்தில் சம்பளத்துக்கு உழைப்பவரையும் நாம் ஊழியர் என்கிறோம். கிறித்தவத் திருச்சபைகளிலோ அது இறைபணியின் பெயர். அடிமை வேலை, கூலி வேலை, அருட்பணி என வெவ்வேறாக நாம் எண்ணும் இவையெல்லாம் ஒரே சொல்லுக்குள் அடங்கிக் கிடக்கின்றன. கடல்கடந்த கனடா நாட்டில், வின்னிபெக் என்னும் குளிர் மிகுந்த நகரத்தில், இப்பொருள்கள் ஒரே வீட்டு வாயிலில் வந்து கூடின. அந்த வீட்டை உருவாக்கியவர் ஆன்னா தீசன் என்னும் பெண்மணி. அவர் 1892-இல் தென் ருஷியாவில் பிறந்தவர்; சிறுமியாகக் கனடாவுக்குக் குடிபெயர்ந்தவர்; மென்னோனைட் என்னும் கிறித்தவ சமயப் பிரிவைச் சேர்ந்தவர். உலக வரலாற்று நூல்களில் அவர் பெயரைத் தேடினால் கிடைப்பது அரிது. ஆயினும் ஒரு சமூகம் தன் கடனை எவ்வாறு அடைத்தது, யாருடைய கைகளைக் கொண்டு அடைத்தது என்று கேட்பவர்கள் அவருடைய வாசலுக்கு வந்தே தீரவேண்டும்.

முதலில் மென்னோனைட்டுகள் யார் என்பதைச் சிறிது தெரிந்துகொள்வோம். பதினாறாம் நூற்றாண்டில் ஐரோப்பாவில் எழுந்த சமயச் சீர்திருத்தத்தின்போது, குழந்தைக்குத் தரும் ஞானஸ்நானம் செல்லாது, அறிவு வந்தபின் தானே விரும்பிப் பெறுவதே ஞானஸ்நானம் என்று சிலர் வாதிட்டனர். வாளெடுப்பதும் ஆணையிட்டுச் சத்தியம் செய்வதும் கிறித்துவின் சீடனுக்குத் தகா என்றும் கூறினர். கத்தோலிக்க அரசுகளும் சீர்திருத்த அரசுகளும் ஒன்றுபோல அவர்களை வேட்டையாடின. பலரை எரித்தன, பலரை நீரில் ஆழ்த்தின. 1536-இல் குருப்பட்டத்தைத் துறந்து அவர்களோடு சேர்ந்த மென்னோ சைமன்ஸ் என்பவரின் பெயரே இம்மக்களுக்கு வழங்கலாயிற்று. நெதர்லாந்திலிருந்து விஸ்துலா ஆற்றின் கழிமுகத்துக்கும், அங்கிருந்து 1789 முதல் ருஷியப் பேரரசி காதரீன் அழைப்பை ஏற்று உக்ரைன் புல்வெளிக்கும் அவர்கள் சென்றனர். சென்ற இடமெல்லாம் அவர்கள் கேட்டது நிலமும், படையில் சேராதிருக்கும் உரிமையும்தாம். நிலத்தைப் பொன்னாக்கும் உழவர் என்பதால் அரசர்களும் அவற்றைக் கொடுத்தார்கள். கொடுத்த உரிமையைப் பின்னர் அரசுகள் திரும்ப எடுத்துக்கொள்வதும், உடனே இவர்கள் மூட்டை கட்டுவதும் அவர்களுடைய வரலாற்றில் மீண்டும் மீண்டும் காணும் காட்சி.

ருஷியாவில் 1870-களில் கட்டாயப் படைப்பணிச் சட்டம் வந்தபோது முதல் அலையாகப் பல ஆயிரவர் அமெரிக்க ஐக்கிய நாடுகளுக்கும் கனடாவின் மானிடோபாவுக்கும் புறப்பட்டனர். அதன்பின் சிறு சிறு கூட்டமாக வந்தவர்களில் ஒரு குடும்பமே தீசன் குடும்பம். 1903-இல் கனடா வந்த அவர்கள், சஸ்காட்செவான் புல்வெளியில் ஹெர்பெர்ட் என்னும் ஊரின் பக்கம் குடியேறினர். அக்காலத்தில் பத்து டாலர் கட்டணம் செலுத்தினால் 160 ஏக்கர் நிலத்துக்கு உரிமை கோரலாம். வீடு கட்டி, குறித்த அளவு உழுது, மூன்றாண்டு குடியிருந்து காட்டினால் நிலம் சொந்தமாகும். மரமே இல்லாத அந்தச் சமவெளியில், ஆறு மாதம் பனி மூடும் நாட்டில், அவ்வாறு குடியிருந்து காட்டுவது எளிய செயலன்று.

ஹெர்பெர்ட்டில் 1913-இல் மென்னோனைட் சகோதரர் சபையார் ஒரு வேதாகமப் பள்ளியைத் தொடங்கினர். ஆன்னா அங்கே பயின்றார். சபையில் பிரசங்க மேடை ஆண்களுக்கே உரியதாக இருந்த காலம் அது. திருமணம் செய்யாமல், இறைபணியிலேயே நிற்க விரும்பிய பெண்ணுக்குத் திறந்திருந்த வழிகள் மிகச் சில. ஒன்று கடல்கடந்து சமயப்பணிக்குச் செல்வது. மற்றொன்று நோயாளிகளைப் பேணும் செவிலியாவது. நகரத்து ஏழைகளிடையே பணி செய்வது என்னும் மூன்றாவது வழி அப்போதுதான் தோன்றிக்கொண்டிருந்தது. பெஸ்ட்பாட்டர் என்னும் போதகரும் அவர் மனைவியாரும் வின்னிபெக்கில் நடத்திவந்த நகரப் பணிக்கு உதவியாக 1915-இல் ஆன்னா சென்று சேர்ந்தார். அப்போது அவருக்கு வயது 23.

வின்னிபெக் அக்காலத்தில் கனடாவின் மேற்கு நாட்டுக்கு வாயிலாக விளங்கியது. கிழக்குத் துறைமுகங்களில் இறங்கிய குடியேறிகள் அனைவரும் அதன் ரயில் நிலையத்தின் வழியாகவே மேற்கே சென்றனர். 1921-ஆம் ஆண்டின் குடிக்கணக்கில் அதன் மக்கள்தொகை ஏறக்குறைய 1,79,000. இருப்புப்பாதைக்கு வடக்கே யூதர், உக்ரைனியர், போலந்தினர், ஜெர்மானியர் முதலிய ஏழைக் குடியேறிகள் நெருங்கி வாழ்ந்தனர். தெற்கே, ஆற்றங்கரை மரநிழலில், கோதுமை வாணிகத்திலும் நில வாணிகத்திலும் செல்வம் சேர்த்தவர்களின் மாளிகைகள் இருந்தன. வடபகுதியில் உழைப்பவர்கள் தென்பகுதியின் அடுக்களைகளுக்கு வேலைக்குச் செல்வதே அந்நகரத்தின் நாள்தோறும் நடக்கும் போக்குவரத்து. ஆன்னா வடபகுதியில் தங்கி, வீடுவீடாகச் சென்று நோயாளிகளைக் கண்டு, குழந்தைகளுக்கு ஞாயிறு பள்ளி நடத்தி வந்தார். அவருடைய வாழ்வைத் திசை திருப்பிய நிகழ்ச்சிகளோ, அவர் பிறந்த நாட்டில் நடந்துகொண்டிருந்தன.

1914-இல் ருஷியாவில் ஏறக்குறைய ஒரு லட்சம் மென்னோனைட்டுகள் வாழ்ந்தனர். அவர்களில் பெருநிலக்கிழாரும் ஆலை முதலாளிகளும் இருந்தனர். மாவு ஆலைகளும் ஏர்க்கருவித் தொழிற்சாலைகளும் அவர்களிடம் இருந்தன. உழவர் வீடுகளிலும் உக்ரைனியப் பணிப்பெண்கள் வேலை செய்தனர். புரட்சியும் உள்நாட்டுப் போரும் இந்த வாழ்வைச் சில ஆண்டுகளில் தகர்த்துவிட்டன. 1919-இல் மக்னோ என்பவனின் படைகள் சிற்றூர்களைச் சூறையாடி நூற்றுக்கணக்கானோரைக் கொன்றன. படைகள் விட்டுச் சென்ற டைபஸ் காய்ச்சல் மேலும் பலரைக் கொண்டுபோயிற்று. அதன்பின் 1921-லும் 1922-லும் பெரும் பஞ்சம். அமெரிக்காவிலும் கனடாவிலும் இருந்த இனத்தார் 1920-இல் மென்னோனைட் மத்தியக் குழு என்னும் உதவி நிறுவனத்தை அமைத்து, பஞ்சம் பாதித்த ஊர்களில் சமையற்கூடங்கள் திறந்து பசித்தவர்க்கு உணவளித்தனர். உயிர் பிழைத்தவர்கள் வெளியேற வழி தேடினர்.

வழி எளிதில் கிடைக்கவில்லை. போருக்குப்பின் எழுந்த வெறுப்பில் கனடா அரசாங்கம் 1919-இல் மென்னோனைட்டுகள் நாட்டுக்குள் வருவதைத் தடைசெய்திருந்தது. ஜெர்மன் பேசுபவர்கள், படையில் சேராதவர்கள் என்பதே அவர்கள்மேல் சாட்டிய குற்றம். 1922-இல் மெக்கென்சி கிங் அமைச்சரவை அந்தத் தடையை நீக்கியது. வருபவர்கள் நிலத்தில் குடியேறவேண்டும், அரசுக்குச் சுமையாகக் கூடாது என்பவை நிபந்தனைகள். கப்பல், ரயில் கட்டணங்களுக்குப் பணம் ஏது? கனடியன் பசிபிக் ரயில்வே கம்பெனி கடனாக ஏற்றிவர ஒப்புக்கொண்டது. கம்பெனியிடம் விற்கவேண்டிய நிலமும், சரக்கில்லாத இருப்புப்பாதையும் மிகுதியாக இருந்தன. உழவர்கள் வந்தால் இரண்டுக்கும் பயன் உண்டு. ஆகவே அது வெறும் தருமம் என்று நாம் கொள்ளவேண்டியதில்லை. ஆனால் கையில் ஒரு காசும் இல்லாத அகதிகளுக்கு, அவர்கள் சமூகத்தின் சொல்லை நம்பியே கடன் கொடுத்தது வாணிக உலகில் அரிய செயல்தான். சமூகத்தின் பெயரால் கையொப்பமிட்டவர் சஸ்காட்செவானில் ராஸ்தெர்ன் என்னும் ஊரைச் சேர்ந்த மூப்பர் டேவிட் டேவ்ஸ். தம்மைக் கேளாமல் தம்மையெல்லாம் கடனாளியாக்கிவிட்டார் என்று அவர்மீது சினந்தவர்களும் சபைகளில் இருந்தனர்.

1923 முதல் 1930 வரை ஏறக்குறைய 20,000 பேர் வந்து சேர்ந்தனர். அவர்களில் 13,000-க்கும் மேற்பட்டோர் கடனில் வந்தவர்கள். பயணத்தில் ஒரு தடை அவர்களை மிகவும் வருத்தியது. டிரக்கோமா என்னும் கண்ணிமை நோய் உடையவர்களைக் கனடா மருத்துவர்கள் ஏற்பதில்லை. குடும்பத்தில் ஒருவருக்கு அந்நோய் இருப்பின், அவர் ஜெர்மனியின் லெக்பெல்ட் முகாமிலோ, இங்கிலாந்தின் சவுதாம்ப்டன் துறைமுகத்தை அடுத்த முகாமிலோ பல மாதம் தங்க நேரும். தாய் முன்னே செல்ல மகள் பின்தங்குவதும், மகள் சென்று தந்தை பின்தங்குவதும் உண்டு. பின்தங்கியவருடைய மருத்துவச் செலவும் கடனில் ஏறும்.

இனி அந்தக் கடனின் தன்மையை மாணவர்கள் சற்று நினைத்துப் பார்க்கவேண்டும். குடும்பத்துக்கு நிலம் கிடைத்துவிட்டது. அதுவும் கடனாகவே கிடைத்தது. விதைக்குக் கடன், குதிரைக்குக் கடன். விளைச்சல் இலையுதிர் காலத்தில்தான் வரும். அதுவும் பனியும் வறட்சியும் விட்டுவைத்தால். மாதந்தோறும் ரொக்கப் பணம் வேண்டுமானால் அது நகரத்தில் மட்டுமே உண்டு. நகரத்து ஆலைகளில் ஆண்களுக்கு இடம் எளிதில் கிடைக்கவில்லை. அவர்கள் நிலத்தில் இருக்கவேண்டும் என்பது நிபந்தனையும்கூட. ஆனால் செல்வர் வீடுகளில் சமைக்கவும் துடைக்கவும் துவைக்கவும் பெண்கள் எப்போதும் தேவைப்பட்டனர். உழவருக்கும் பண்ணையாளுக்கும் அடுத்தபடியாகக் கனடா அக்காலத்தில் விரும்பி வரவேற்ற குடியேறி வீட்டு வேலைக்காரியே. ஆகவே குடும்பத்தின் மூத்த மகள் ரயில் ஏறினாள். சிலருக்கு வயது பதினைந்து, பதினாறுதான். தங்கள் வீட்டில் பணிப்பெண் வைத்திருந்த குடும்பங்களின் மகள்களே இப்போது பிறர் வீட்டில் பணிப்பெண்களாயினர்.

இதில் உள்ள முரணை அந்தத் தந்தையர் உணராதவர்கள் அல்லர். நகரம் பாவத்தின் இருப்பிடம் என்று தலைமுறை தலைமுறையாகக் கற்பித்துவந்த சமூகம் அது. உலகத்தை விட்டு ஒதுங்கி, தம் மொழியும் தம் ஊரும் என்று வாழ்ந்த அம்மக்கள், தம்மவருள் மிக இளையவர்களையும் உலகம் அறியாதவர்களையும் அந்த நகரத்துக்குத் தனியே அனுப்பினர். சபைத் தலைவர்கள் நகரத்தைப் பழித்துக்கொண்டே, நகரத்திலிருந்து வரும் பணத்தை எதிர்பார்த்திருந்தனர். அப்பணமின்றி அவர்கள் சமூகத்தின் வாக்கு நிற்காது என்பதும் உண்மை. இந்த இக்கட்டில் அவர்களுக்கு ஆன்னா தீசனைப் போன்ற ஒருவர் தேவைப்பட்டார்.

ரயில் நிலையத்தில் வந்து இறங்கும் பெண்ணுக்கு ஆங்கிலம் தெரியாது. வீட்டில் பேசுவது தாழ்நில ஜெர்மன். கோவிலிலும் பள்ளியிலும் கற்றது உயர்நிலை ஜெர்மன். சந்தையில் கற்றது சிறிது ருஷியம். எரிவாயு அடுப்பை அவள் கண்டதில்லை. தொலைபேசி மணி அடித்தால் திடுக்கிடுவாள். எசமானி சொல்வதைப் புரிந்துகொள்ளாமல், புரிந்ததுபோல் தலையசைத்துவிட்டுப் பின்னர் அழுவாள். யூதர் வீடுகளில் வேலை கிடைத்தவர்களுக்கு ஒரு வசதி இருந்தது. அவர்கள் பேசும் இத்திஷ் மொழி ஜெர்மனுக்கு நெருங்கிய உறவுடையது. ஆதலால் முதல் நாளே ஓரளவு பேசிக்கொள்ள முடிந்தது. வேலை விடியலுக்கு முன் அடுப்பு மூட்டுவதில் தொடங்கி, இரவு விருந்தினர் உண்ட கலங்களைக் கழுவி வைத்த பிறகே முடியும். படுக்கை நிலவறையிலோ, கூரைக்குக் கீழே உள்ள சிற்றறையிலோ இருக்கும். வாரத்தில் அவளுக்கென்று இருந்த ஓய்வு வியாழக்கிழமைப் பிற்பகலும், ஞாயிற்றுக்கிழமையில் சில மணி நேரமும்தான்.

வியாழக்கிழமைப் பிற்பகல் அவள் எங்கே போவாள்? கையில் பணமில்லை. இருந்தாலும் அது வீட்டுக்கு அனுப்பவேண்டிய பணம். பனிக்காலத்தில் தெருவில் நிற்கவும் முடியாது. வேலை போய்விட்டால் அன்றிரவு தங்க இடமில்லை. நாட்டுக்கு வந்த ஐந்தாண்டுக்குள் பிறர் செலவில் வாழும் நிலைக்கு வந்துவிட்டவரை அரசாங்கம் நாடு கடத்தவும் சட்டம் இருந்தது. இவ்வளவையும் கண்ணாரக் கண்டுகொண்டிருந்த ஆன்னா, 1920-களின் நடுவில், அப்பெண்களுக்கென ஓர் இல்லத்தைத் தொடங்கினார். முதலில் வாடகை இடத்தில் தொடங்கிய அது, பின்னர் வடபகுதியில் மௌண்ட்டன் அவென்யூ என்னும் தெருவில் சொந்த வீட்டில் நடந்தது. அதற்கு மரியாள் மார்த்தாள் இல்லம் என்று பெயரிட்டனர்.

பெயரைச் சிறிது விளக்கவேண்டும். லூக்கா எழுதிய நற்செய்தியில் இரு சகோதரிகள் வருகின்றனர். இயேசு தங்கள் வீட்டுக்கு வந்தபோது மார்த்தாள் விருந்து செய்வதில் ஓடியாடுகிறாள். மரியாளோ அவர் காலடியில் அமர்ந்து அவர் சொல்வதைக் கேட்கிறாள். தங்கை தனக்கு உதவவில்லையே என்று மார்த்தாள் குறைகூற, மரியாளே நல்ல பங்கைத் தேர்ந்துகொண்டாள் என்று விடை வருகிறது. நூற்றாண்டுகளாகப் பிரசங்கிகள் இக்கதையைச் சொல்லி அடுக்களையை ஒரு படி கீழே வைத்து வந்திருக்கின்றனர். இந்த இல்லத்தின் பெயரோ இரு சகோதரிகளையும் ஒரே பலகையில் எழுதியது. வாரம் முழுவதும் மார்த்தாளாக இருக்கும் பெண், வியாழக்கிழமைப் பிற்பகல் மரியாளாக உட்காரலாம். இதைக் காட்டிலும் பொருத்தமான பெயர் ஒன்றை எண்ணிப் பார்க்க இயலவில்லை.

வியாழக்கிழமைதோறும் நகரத்தின் பல மூலைகளிலிருந்தும் பெண்கள் அங்கே வந்து கூடினர். தாய்மொழியில் பேசுவதற்கு அவர்களுக்கு வாரத்தில் கிடைத்த வாய்ப்பு அது ஒன்றே. காப்பி இருந்தது, பாட்டு இருந்தது, தையல் வேலை இருந்தது. வேதாகம வகுப்பும் செபமும் நடந்தன. ஊரிலிருந்து வந்த கடிதத்தை ஒருவருக்கொருவர் படித்துக் காட்டினர். ருஷியாவில் பின்தங்கிவிட்ட உறவினரைப் பற்றிய செய்தியும் அங்கேதான் கைமாறியது. 1930-க்குப் பின் அந்தச் செய்திகள் பெரும்பாலும் கைது, நாடு கடத்தல், பசி என்பவையாகவே இருந்தன. வேலை இழந்த பெண்ணுக்கும், நோயுற்ற பெண்ணுக்கும், இன்றுதான் ரயிலில் வந்து இறங்கிய பெண்ணுக்கும் அங்கே படுக்கை உண்டு.

இவற்றோடு இல்லம் மற்றொரு வேலையையும் செய்தது. என் கருத்தில் அதுவே மிக முக்கியமானது. வேலைக்காரி வேண்டும் என்னும் செல்வர் வீட்டு எசமானிகள் இல்லத்துக்குத் தொலைபேசியில் சொல்வார்கள். இல்லத் தலைவி பெண்ணைத் தேர்ந்து அனுப்புவார். அவ்வளவோடு அவர் விட்டுவிடுவதில்லை. அந்த வீடு எப்படிப்பட்டது, பெண்ணுக்கு உணவும் ஓய்வும் ஒழுங்காகக் கிடைக்கின்றனவா, பேசிய சம்பளம் கைக்கு வருகிறதா, வீட்டு ஆண்மக்கள் முறை தவறாமல் நடக்கின்றனரா என்று விசாரிப்பார். குற்றம் கண்டால் பெண்ணைத் திரும்ப அழைத்துக்கொள்வார். அந்த வீட்டுக்கு இல்லத்திலிருந்து வேறு பெண்ணும் போகமாட்டாள். மென்னோனைட் பெண்கள் உழைப்பாளிகள், நேர்மையானவர்கள் என்னும் பெயர் நகரமெங்கும் பரவியிருந்தபடியால், இந்த மறுப்புக்கு மதிப்பு இருந்தது.

இதன் அருமையை உணர அந்நகரத்தின் மற்றொரு வரலாற்றையும் நினைவுகூர வேண்டும். 1919-ஆம் ஆண்டு மே மாதம் வின்னிபெக்கில் ஏறக்குறைய 30,000 தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்து நகரத்தையே நிறுத்திவைத்தனர். முதன்முதலில் வேலையைவிட்டு வெளியேறியவர்கள் தொலைபேசி நிலையத்துப் பெண்கள். அதற்கு முந்திய ஆண்டிலேயே மானிடோபா மாகாணம் பெண் தொழிலாளருக்குக் குறைந்தபட்சக் கூலிச் சட்டம் இயற்றியிருந்தது. அச்சட்டம் கடைகளையும் ஆலைகளையும் நோக்கியது, அடுக்களைக்குள் நுழையவில்லை. வீட்டு வேலைக்காரிக்குச் சங்கமும் இல்லை, சட்டமும் இல்லை. ஒவ்வொருத்தியும் ஒவ்வொரு வீட்டில் தனித்தனியே இருப்பவள்; அவர்கள் ஒன்றுகூடுவது எப்படி? ஆன்னா தீசன் தொழிற்சங்கவாதி அல்லர். அச்சொல்லை அவர் விரும்பியிருக்கவும் மாட்டார். ஆயினும் வியாழக்கிழமைப் பிற்பகலில் அவர் கூட்டிய கூட்டத்தில், எந்த வீட்டில் என்ன சம்பளம், எந்த எசமானி எப்படி என்னும் செய்திகள் பரிமாறப்பட்டன. காப்பிக் கோப்பையோடும் பாட்டுப் புத்தகத்தோடும் ஒரு சங்கத்தின் வேலையில் ஒரு பகுதி நடந்துவிட்டது.

இவ்வில்லத்தை ஒரு சுவர்க்கமாக வருணித்துவிட்டுப் போவது முறையாகாது. காவல் என்னும் சொல்லுக்கும் இரு முகம் உண்டல்லவா? பெண்ணை எசமானரிடமிருந்து காத்த இல்லம், அவளுடைய நடை உடைகளையும் கவனித்தது. அவள் எங்கே போகிறாள், யாரோடு பழகுகிறாள், சபைக்கு ஒழுங்காக வருகிறாளா என்பவற்றையெல்லாம் ஊரிலிருந்த பெற்றோரும் மூப்பர்களும் இல்லத்தின் வழியாகவே அறிந்தனர். சினிமாவும் நடனமும் விலக்கப்பட்டவை. சபைக்கு வெளியே திருமணம் செய்ய நினைத்தவளுக்கு அங்கே ஆதரவு கிடைத்திராது. இந்தக் கண்காணிப்பைச் சுமையாக உணர்ந்தவர்களும் இருந்தனர் என்பதைப் பின்னாளில் அவர்கள் கூறிய நினைவுகளிலிருந்து வரலாற்றாசிரியர்கள் எடுத்துக்காட்டியிருக்கின்றனர். அதே நினைவுகளில், அந்தப் பிற்பகல் ஒன்றுக்காகவே வாரத்தைக் கடத்தினோம் என்னும் கருத்தும் வருகிறது. இரண்டும் மெய்யே, ஒன்றைச் சொல்லி மற்றொன்றை மறைப்பதற்கில்லை.

வின்னிபெக்கில் இந்த இல்லம் ஒன்றே இருந்ததாக எண்ணவேண்டாம். மென்னோனைட்டுகளின் மற்றொரு பிரிவினர் எபெனேசர் என்னும் பெயரில் இதேபோன்ற இல்லத்தை நடத்தினர். சஸ்காட்டூன், கால்கரி, வான்கூவர், டொராண்டோ முதலிய நகரங்களிலும் இத்தகைய இல்லங்கள் எழுந்தன.

1929-இன் பொருளாதார வீழ்ச்சியும், அதைத் தொடர்ந்து புல்வெளி மாகாணங்களில் பல ஆண்டு நீடித்த வறட்சியும் கோதுமையின் விலையை வீழ்த்தின, விளைநிலத்தைப் புழுதியாக்கின. குடியேறிய உழவர்களில் பலர் நிலத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டனர். வேலைக்காரிகளின் சம்பளமும் குறைந்தது. ஆயினும் குறைந்த அந்தச் சம்பளம் மாதந்தோறும் வந்தது; கோதுமை வரவில்லை. பல வீடுகளில் மகள் அனுப்பிய பணமே மாவுக்கும் உடைக்கும் தம்பி தங்கையரின் படிப்புக்கும் போக, மிச்சம் பயணக் கடனுக்குச் சென்றது. அவளுடைய சொந்தப் படிப்பு அத்தோடு நின்றது. வட்டியோடு வளர்ந்துகொண்டிருந்த கடனைக் கண்டு, இது ஒருகாலும் அடையாது என்று எண்ணியவர்கள் பலர். டேவிட் டேவ்ஸ் ஊர் ஊராக அலைந்து, தவணை கேட்டுக் கெஞ்சினார். இறுதியில் கம்பெனி பத்து லட்சம் டாலருக்கும் மேற்பட்ட வட்டியைத் தள்ளுபடி செய்தது. ஏறக்குறைய 17 லட்சத்து 70 ஆயிரம் டாலர் மூலமும், வட்டியில் ஒரு பகுதியும் சேர்த்து 19 லட்சத்துக்கும் மேலாகச் செலுத்தி, 1946 நவம்பரில் சமூகம் கடனை முடித்தது. டேவ்ஸ் அடுத்த ஆண்டு தொடக்கத்தில் காலமானார். தம் கையொப்பம் பொய்க்கவில்லை என்பதை அறிந்தே அவர் கண்மூடினார்.

கடன் அடைந்த செய்தியில் பெருமையோடு பேசப்பட்டவர்கள் மூப்பரும் கம்பெனி அதிகாரிகளுமே. கடனை அடைத்தவர் பட்டியல் குடும்பத் தலைவர்களின் பெயரில் இருந்தது. பணம் எந்த அடுக்களையிலிருந்து வந்தது என்பதை எழுத அதில் இடமில்லை. 1980-களில்தான் மார்லின் எப் முதலிய ஆய்வாளர்கள், முதுமை எய்திவிட்ட அப்பெண்களைத் தேடிச் சென்று கேட்டு எழுதலாயினர்.

இதற்கிடையில் இரண்டாம் உலகப் போர் மற்றொரு கூட்டத்தை வாசலுக்குக் கொண்டுவந்தது. பின்வாங்கிய ஜெர்மன் படையோடு உக்ரைனைவிட்டு மேற்கே ஓடிவந்த மென்னோனைட்டுகளில் ஏறக்குறைய 8,000 பேர், 1947 முதல் சில ஆண்டுகளில் கனடா சேர்ந்தனர். அவர்களுள் மிகப் பலர் கணவரை ஸ்டாலின் காலத்துக் கைதுகளிலும் போரிலும் இழந்த பெண்கள். இருபதாண்டுக்கு முன் வந்தவர்களைப் போலவே இவர்களும் வீட்டு வேலையில் தொடங்கினர். அவர்களைப் போலவே வியாழக்கிழமைப் பிற்பகல் இல்லத்துக்கு வந்தனர். முன்னர் வந்தவர்களுக்கு ஊரில் தந்தையின் நிலமாவது இருந்தது. இவர்களுக்கு அதுவும் இல்லை. தாங்களே குடும்பத் தலைவர்கள். இல்லத்தில் முதல் கூட்டத்துப் பெண்கள் கற்ற பாடங்களெல்லாம் இப்போது இவர்களுக்குப் பயன்பட்டன.

ஆன்னா தீசன் 1955-இல் வின்னிபெக் நகரப் பணியின் வரலாற்றை ஜெர்மன் மொழியில் ஒரு நூலாக எழுதி வெளியிட்டார். 1991-இல் அதன் ஆங்கில மொழிபெயர்ப்பும் வந்தது. நகரமே ஆகாது என்றிருந்த சமூகத்துக்கு, நகரத்தில் வழிபாட்டுக் கூட்டங்களும் சபைகளும் உருவானதற்கு அப்பணிப்பெண்கள் ஒரு காரணம். அவர்கள் அங்கே இருந்தமையால் போதகர்கள் வந்தனர். போதகர்கள் வந்தமையால் குடும்பங்கள் குடிவரத் துணிந்தன. வின்னிபெக் பின்னர் உலகத்திலேயே மென்னோனைட்டுகள் மிகுதியாக வாழும் நகரங்களுள் ஒன்றாயிற்று.

1950-களில் அம்மக்களின் மகள்கள் பள்ளி ஆசிரியைகளாகவும் செவிலியராகவும் அலுவலகத் தட்டச்சாளராகவும் போகத் தொடங்கினர். ரயிலில் வந்து இறங்கி வேலை கேட்கும் பெண்கள் ஆண்டுக்கு ஆண்டு குறைந்தனர். செல்வர் வீடுகளிலும் சலவை இயந்திரமும் குளிர்பெட்டியும் வந்துவிட்டன. வியாழக்கிழமைப் பிற்பகலில் கூடுவோர் சிலரேயாயினர். 1959-இல் மரியாள் மார்த்தாள் இல்லம் மூடப்பட்டது. எபெனேசர் இல்லமும் அதே ஆண்டில் மூடியது. ஆன்னா தீசன் அதன்பின் பதினெட்டு ஆண்டுகள் வாழ்ந்து, 1977-இல் மறைந்தார்.